புதிய குடியிருப்பில் பூங்காவுக்கு ஒன்றரை ஏக்கர்: எதிலிருந்து தொடங்குவது?

மேட்டுத்தெரு

எங்கள் குடியிருப்பு இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இப்போது 240 வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள், அடுத்த இரண்டு கட்டங்களில் இன்னும் 400 வீடுகள் வரப்போகின்றன. பூங்காவுக்கென்று ஒன்றரை ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார்கள். கிழக்கு மூலை, மொத்த மனைப்பிரிவிலும் தாழ்வான இடம். இப்போதைக்கு அங்கே மணல் குவியலும் உடைந்த செங்கல்லும் மிச்சமான பேவர் பிளாக்கும்தான் கிடக்கின்றன.

போன வாரம் கட்டுமானக்காரர்கள் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். நடுவில் நீரூற்று, அதைச் சுற்றி வட்டமாகப் புல்வெளி, ஓரம் முழுக்க நடைபாதை, பின்சுவரை ஒட்டி ஊஞ்சலும் சறுக்கும், பக்கத்தில் உடற்பயிற்சிக் கருவிகள். தாளில் அழகாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை, ஏன் என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. குடியிருப்போர் குழுவில் ஐந்து பேரை இதற்குப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள், நான் ஒருவன். 40 நாளில் திருத்தங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த மாதிரி வேலையைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், முதலில் எதைப் பார்ப்பது?

வரைகோல்

இருபது வருடமாகப் பூங்கா வடிவமைப்புதான் என் தொழில். உங்களுக்கு மனசு ஒப்பாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்: அந்தப் படத்தில் பொருள்கள் இருக்கின்றன, இடம் இல்லை. மண் எப்படி, மழைத்தண்ணீர் எங்கே போகிறது, மாலை நாலு மணி வெயில் எங்கே விழுகிறது, யார் எந்தப் பக்கத்திலிருந்து நடந்து வருவார்கள், இந்த நாலையும் பார்க்காமல் போட்ட படம் எந்த ஊருக்கும் பொருந்தும், அதனாலேயே உங்கள் இடத்துக்குப் பொருந்தாது.

வரைபடத்தை ஒரு வாரம் ஓரமாக வையுங்கள். ஒரு கடப்பாரை, மண்வெட்டி, இரண்டு குடம் தண்ணீர், ஒரு அளவுகோல் எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள். மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று மூன்று குழி வெட்டுங்கள், ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். மண்வெட்டி பட்டு வழவழப்பான பக்கங்களை லேசாகக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் ஏமாற்றிவிடும். குழியை நிரப்பி முழுக்க வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2.5 முதல் 7.5 செ.மீ. வரை என்றால் பெரும்பாலான மரங்களுக்கு நல்லது. 2.5க்கும் கீழே என்றால் வேர் அழுகும், புல் பாசி பிடிக்கும், நடைபாதைக்கு அடியில் ஈரம் நின்று கல் பெயரும்.

கட்டுமானம் நடந்த இடத்தில் மண் சும்மா இருக்காது. லாரியும் பொக்லைனும் ஓடி ஓடி அது செங்கல் மாதிரி இறுகியிருக்கும். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கும், அகலத்தில் கிளைகளையும் தாண்டிப் பரவும். அந்த 60 செ.மீ. இறுகிக் கிடந்தால் நீங்கள் வைக்கிற கன்று பூந்தொட்டியில் வைத்த மாதிரிதான், நாலு வருடம் ஆனாலும் அதே உயரத்தில் நிற்கும்.

இன்னொன்று, இதை நாளைக்கே பேசுங்கள். இரண்டாம் கட்டத்துக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் இல்லையா, அங்கே மேலாக எடுக்கிற 15, 20 செ.மீ. மண்ணை அடிமண்ணோடு கலக்காமல் தனியாகக் குவித்து வைக்கச் சொல்லுங்கள். அது உயிருள்ள மண். பெரும்பாலும் அது வெளியே போய்விடும், பிறகு பூங்காவுக்கு எங்கிருந்தோ அடிமண் வந்து இறங்கும்.

மூன்று பிள்ளைகளின் அம்மா

மண் பரிசோதனை எல்லாம் சரி. ஆனால் என் பிள்ளைகளுக்கு 4, 7, 11 வயது. நீங்கள் மண்ணைப் பார்த்து, மரத்தை வைத்து, அது வளர்ந்து நிழல் தருவதற்குள் என் மூத்தவன் கல்லூரிக்குப் போய்விடுவான். இப்போது அவர்கள் விளையாடுவது சிமெண்ட் லாரி போகிற தெருவில். நேற்றுகூட ஒரு லாரி பின்னால் வந்தபோது பக்கத்து வீட்டுச் சின்னவள் சக்கரத்துக்கு நாலடி தூரத்தில் கோலி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஊஞ்சலும் சறுக்கும் முதலில் வேண்டும், வேலி போட்டு, இந்த மாதமே. மற்றதை எல்லாம் நிதானமாகச் செய்யுங்கள்.

மேட்டுத்தெரு

அக்கா சொல்வதுதான் குழுக் கூட்டத்திலும் பாதிப் பேர் சொல்கிறார்கள். நியாயமான அவசரம். ஆனால் கருவிகளை இப்போதே நட்டுவிட்டால் அப்புறம் அதைச் சுற்றித்தான் எல்லாம் அமையும், தவறான இடத்தில் நட்டதைப் பிடுங்க யாருக்கும் மனசு வராது.

வரைகோல்

அக்காவின் கவலை உண்மையானது, அதற்கு வழியும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது லாரி வராத இடம், கருவி அப்புறம்தான். பூங்கா இடத்தில் ஒரு மூலையை, வீடுகளிலிருந்து நேராகக் கண்ணில் படுகிற மூலையாகப் பார்த்து, தற்காலிக வேலி கட்டிச் சுத்தம் செய்யுங்கள். கண்ணாடி, ஆணி, கம்பி ஒன்று விடாமல் பொறுக்க வேண்டும். அங்கே சுத்தமான மணல் ஒரு மேடாகக் கொட்டுங்கள், முனை மழுக்கிய மரக்கட்டைகள், பெரிய குழாய்த் துண்டுகள், பலகைகள் போடுங்கள், பெரியவர் ஒருவர் முறை வைத்து உட்காரட்டும். ஒரு வாரத்தில் செய்துவிடலாம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. டென்மார்க்கில் சோரன்சன் என்ற பூங்கா வடிவமைப்பாளர் தான் போட்ட அழகான விளையாட்டிடங்களைவிடக் கட்டட வேலை நடக்கிற மனைகளில்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று கவனித்தார். 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பலகையும் கல்லும் பழைய பொருள்களும் போட்டு, கூடவே ஒரு பெரியவரை வைத்து ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947இல் தொடங்கி அடுத்த முப்பது வருடத்தில் 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்கள் அமைத்தார், பலவும் வீடுகளுக்கு நடுவே சும்மா கிடந்த மனைகளில். அவற்றில் இருந்தது என்ன? கான்கிரீட் விளிம்பு வைத்த மணல்தொட்டி, தாவிக் கடக்கச் சில கற்கள், தொங்கிப் புரள இரும்புக் கம்பிகள், உட்கார பெஞ்சு, மரம். அவ்வளவுதான். யானை வடிவச் சறுக்கு யானையாக மட்டும்தான் இருக்கும், வெறும் கல் அன்றைக்குப் பிள்ளை நினைக்கிற எதுவாகவும் இருக்கும்.

அப்புறம் நிரந்தரமான கருவி வாங்கும்போது வண்ணத்தைப் பார்க்காதீர்கள், அடியில் என்ன போடுகிறார்கள் என்று பாருங்கள். ஐரோப்பிய விதி இஎன் 1176இன்படி விழக்கூடிய உயரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. 2 மீட்டர் வரையிலான உயரத்துக்கு மணலோ மரச்சீவலோ 20 செ.மீ., 3 மீட்டருக்கு 30 செ.மீ. வேண்டும், கால் பட்டு விலகிப்போகும் என்பதால் மேலே இன்னும் 10 செ.மீ. சேர்த்துக் கொட்ட வேண்டும். சிமெண்ட் தரைமேல் மெல்லிய ரப்பர் விரிப்பு ஒட்டித் தருவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏறிய பிள்ளையின் தலை மாட்டும் உயரத்தில் கம்பிகளின் இடைவெளி 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் நடுவில் இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். அந்த அளவில் உடல் நுழையும், தலை நுழையாது.

மூன்று பிள்ளைகளின் அம்மா

இது எனக்குத் தோன்றவே இல்லை. மணல் மேடு என்றால் என் சின்னவள் நாள் முழுக்க அங்கேயே இருப்பாள். முறை வைத்து உட்கார நான் வருகிறேன், எங்கள் தெருவில் இன்னும் ஆறு பேரைக் கேட்கிறேன். ஆனால் பின்சுவரை ஒட்டி வேண்டாம், சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற இடமாக இருக்க வேண்டும். அந்த வரைபடத்தில் விளையாட்டிடத்தைக் கொண்டுபோய் மிகக் கடைசியில் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

வடிகால்

நான் மழைநீர் வடிகால் வேலை பார்ப்பவன். தாழ்வான மூலையைப் பூங்காவுக்குத் தருவது எல்லா இடத்திலும் நடப்பதுதான், அங்கே வீடு கட்ட முடியாது. குறையாகப் பார்க்காமல் அதையே பலமாக்கலாம். நீரூற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். பம்பு, வடிகட்டி, மின்சாரம், பாசி என்று அது தீராத செலவு, நின்றுபோன நீரூற்றைப் போல ஒரு இடத்தைக் கைவிட்டதாகக் காட்டுவது வேறு எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் பள்ளத்தை அகலமான, ஆழமில்லாத தாழ்வான புல்தரையாக மாற்றுங்கள். மழை பெய்தால் தெருக்களின் தண்ணீர் அங்கே வந்து நின்று மெதுவாக உறிஞ்சப்படும், மற்ற நாளில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள்.

மூன்று விஷயம் கவனம். கரை சரிவு நாலுக்கு ஒன்றுக்கு மேல், அதாவது நாலடி நீளத்துக்கு ஓரடி உயரத்துக்கு மேல், செங்குத்தாகக் கூடாது, தவறி இறங்கிய குழந்தை தானே நடந்து மேலே வர வேண்டும். தண்ணீர் இரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் வடிந்துவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமாவது எடுக்கும், அதற்குள் தரை காய்ந்தால் பயமில்லை. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: இன்னும் 400 வீடு கட்டப் போகிறார்கள், அந்தத் தெருக்களின் சேறும் சிமெண்டும் மழையோடு இங்கேதான் வரும். ஒரே பருவத்தில் அடைத்துவிடும். அதனால் கட்டுமானம் முடியும் வரை அந்தத் தெருக்களின் வடிகாலை இதில் இணைக்கக் கூடாது, இணைத்தே ஆக வேண்டுமென்றால் முன்னால் ஒரு வண்டல் தொட்டி வைத்து அதை வாரியெடுக்க ஆள் வேண்டும்.

காலைநடை

வயது 71. நான் ஒன்றே ஒன்று சொல்ல வந்தேன் தம்பி, உட்கார இடம். நடைபாதை போடுகிறவர்கள் எல்லோரும் சுற்றளவைச் சொல்கிறார்கள், நடுவில் மூச்சு வாங்கினால் எங்கே உட்காருவது என்று யாரும் சொல்வதில்லை. முழங்கால் வலி உள்ளவனுக்கு அடுத்த பெஞ்சு கண்ணுக்குத் தெரிந்தால்தான் இந்தப் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே தைரியம் வரும். பெஞ்சுக்கு முதுகுச் சாய்மானம் வேண்டும், கைப்பிடி வேண்டும். கைப்பிடி சாய்ந்துகொள்வதற்கு இல்லை, அதைப் பிடித்துத்தான் எழ வேண்டும். வட்டமான கல் திண்டு போட்டுவிட்டு இருக்கை என்கிறார்கள், அதில் உட்கார்ந்தால் என்னை இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது.

என் மனைவி பூங்காவுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். காரணம் நடை இல்லை, கழிப்பறை. அரைமணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க அவளால் முடியாது. வரைபடத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

மேட்டுத்தெரு

ஐயா, பார்த்தேன். கழிப்பறை இல்லை. குடிநீர்க் குழாயும் இல்லை. பெஞ்சு மொத்தம் ஆறு, ஆறும் நீரூற்றைச் சுற்றி, ஒன்றுக்கும் நிழல் இல்லை.

வரைகோல்

ஐயா சொன்னதை அப்படியே திருத்தப் பட்டியலில் முதல் பக்கத்தில் எழுதுங்கள். நியூயார்க்கில் 1970களில் வில்லியம் ஒயிட் என்பவர் கேமராவை வைத்துப் பொதுவெளிகளை மாதக்கணக்கில் கவனித்தார். சில இடம் ஏன் நிறைகிறது, சில இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று பார்த்ததில் அழகு, வடிவம் இவற்றையெல்லாம்விட உட்கார வசதி இருக்கிறதா என்பதுதான் பெரிய வித்தியாசமாக வந்தது. அதிலும் நகர்த்திக்கொள்ளக்கூடிய நாற்காலி. மனிதன் உட்காரும் முன் நாற்காலியை இரண்டு அங்குலமாவது தள்ளிப் போட்டுக்கொள்கிறான், வெயிலுக்கோ நிழலுக்கோ, தோழனுக்குப் பக்கத்திலோ தள்ளியோ. உங்கள் இடத்தில் பாதியையாவது அப்படி வைத்துப் பாருங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு

நானும் இதே மாதிரி ஒரு குடியிருப்பில்தான் இருக்கிறேன், எங்கள் பூங்காவில் 5 வயதுக்குள் ஒரு பகுதி, 60 வயதுக்கு மேல் ஒரு பகுதி, நடுவில் ஒரு பெரிய மைதானம். மைதானம் பையன்களுடையது. யாரும் சொல்லவில்லை, ஆனால் அப்படித்தான். நானும் என் தோழிகளும் 10 வயது வரை அங்கே ஓடினோம், அப்புறம் ஓரத்தில் நின்றோம், இப்போது போவதே இல்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தால் இது சின்னப் பிள்ளைகளுக்கு என்று யாராவது வந்து சொல்கிறார்கள், பெஞ்சில் உட்கார்ந்தால் இங்கே என்ன பேச்சு என்று பார்க்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு பேர் முகம் பார்த்து உட்கார ஒரு இடம், மேலே கூரை, யாரும் விரட்டாமல் இருந்தால் போதும்.

வரைகோல்

தங்கச்சி, நீங்கள் எழுதியது வியன்னாவில் ஆய்வாகவே வந்திருக்கிறது. 1990களில் அங்கே பூங்காக்களைக் கவனித்தபோது 9, 10 வயதுக்குப் பிறகு பெண்பிள்ளைகள் பூங்காவிலிருந்து காணாமல் போவது தெரிந்தது, பையன்கள் அப்படிப் போகவில்லை. இடத்தைக் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் அவர்கள் விலகிவிடுகிறார்கள். 1999இல் மார்கரெட்டன் பகுதியில் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். பெரிய திறந்தவெளியைச் செடிகொடியால் பல சிறு இடங்களாகப் பிரித்தார்கள், பாதைகளைக் கூட்டினார்கள், வாலிபாலும் பேட்மின்டனும் ஆட இடம் வைத்தார்கள். பெண்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

உயரமான வேலியும் கம்பிக் கூண்டும் போட்டு ஒரே வாசல் வைத்த மைதானமாக இருந்தால் உள்ளே யார் இருக்கிறார்களோ அவர்களுடையதாகிவிடும். இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்து, விளிம்பில் உட்கார மேடை வைத்தால் நிலைமை வேறு. ஆகவே மேட்டுத்தெரு, ஒரு வட்டப் புல்வெளி வேண்டாம், சமமில்லாத நாலைந்து இடங்களாக உடையுங்கள்.

மதில்வீடு

எல்லோரும் உபயோகிப்பவர் பக்கமே பேசுகிறீர்கள், பூங்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரனையும் கேளுங்கள். நான் முன்பு இருந்த இடத்தில் படுக்கையறைக்கு 8 மீட்டரில் கூடைப்பந்து மைதானம் வந்தது. பந்து தரையில் தட்டுகிற ஓசை இருக்கிறதே, அது காதில் விழுவதில்லை, நெஞ்சில் விழும். இரவு 11 வரை. பக்கத்தில் ஒரு உயரமான விளக்கு, அறைக்குள் நிலா வந்த மாதிரி. இரண்டு வருடம் எழுதிக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை, கடைசியில் நாங்கள்தான் வீட்டை மாற்றினோம். அதனால் சொல்கிறேன், சுற்றி உயரமான மதில் கட்டி இரவு எட்டு மணிக்குப் பூட்ட வேண்டும். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

மேட்டுத்தெரு

எங்கள் குழுவில் மதில் வேண்டும் என்பவர்கள்தான் அதிகம். எனக்கு இதில் தெளிவில்லை, சொல்லுங்கள்.

வரைகோல்

மதில்வீட்டு நண்பர் பட்ட கஷ்டம் தவறான இடத்தில் வைத்ததால் வந்தது. பந்து மைதானத்தைச் சாலை பக்கம், வீடுகளிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும். வீட்டை ஒட்டிய ஓரத்தில் செடி, நடை, அமைதியான பெஞ்சு. விளக்கு உயரமாக ஒன்று என்று இல்லாமல் தாழ்வாகப் பல, ஒளி கீழே மட்டும் விழும்படி மூடியது, நிற அளவு 3000 கெல்வினைத் தாண்டாத மஞ்சள் ஒளி. மைதானத்து விளக்குக்குத் தனி நேரச் சுவிட்சு வைத்து ஒன்பது மணிக்கு அணைத்துவிடலாம். இதை வரைபடத்திலேயே எழுத வேண்டும், கட்டிய பிறகு மன்றாடிப் பயனில்லை.

ஆனால் மதில் பாதுகாப்புத் தராது. நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா இதற்குப் பாடம். தெருவைவிட உயரத்தில், புதரும் இரும்புவேலியும் சூழ இருந்தது, உள்ளே நடப்பது வெளியே தெரியாது. 1970களில் போதைப்பொருள் விற்கிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். மேலே நான் சொன்ன ஒயிட் கொடுத்த யோசனை, மறைப்பை எடுங்கள், வாசல்களைத் திறந்துவிடுங்கள் என்பதுதான். 1988இல் மூடி வேலை பார்த்து, 1992இல் நகர்த்தும் நாற்காலிகளோடு திறந்தார்கள், நிறைந்துவிட்டது. பூட்டிய மதிலுக்குள் தாண்டிக் குதித்துப் போகிறவன் மட்டும்தான் இருப்பான், அவனைப் பார்க்க வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

அறிந்தவரை

இதோடு ஒன்று சேர்க்கிறேன். 1961இல் நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் என்பவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துச் சதுக்கங்களை ஒப்பிட்டு எழுதினார். ஒரே காலத்தில் திட்டமிட்டவை, அளவும் கிட்டத்தட்ட ஒன்று. ரிட்டன்ஹவுஸ் சதுக்கம் விடியலிலிருந்து இரவு வரை உயிரோடு இருந்தது, வாஷிங்டன் சதுக்கம் மதிய இடைவேளை தவிர வெறிச்சோடிக் கிடந்தது. காரணம் உள்ளே இல்லை, சுற்றி இருந்தது. ஒன்றைச் சுற்றி வீடு, கடை, பள்ளி, அலுவலகம் எல்லாம் கலந்து, மற்றொன்றைச் சுற்றி அலுவலகம் மட்டும். உங்கள் பூங்காவைச் சுற்றி என்ன வரப்போகிறது? மூலையில் இரண்டு பக்கம் எல்லைச் சுவர் என்றால் பாதிக் கண்கள் ஏற்கெனவே போய்விட்டன. மிச்சம் இரண்டு பக்கத்திலாவது வீடுகளின் முன்வாசல் பூங்காவைப் பார்க்க வேண்டும், பின்சுவர் பார்க்கக் கூடாது. மூன்றாம் கட்டம் இன்னும் கட்டவில்லை என்றால் அதை இப்போதே கேட்கலாம்.

சக்கரநாற்காலி

ஒரு சின்ன விஷயம், ஆனால் என்னை வெளியே நிறுத்துவது அதுதான். பாதையில் ஜல்லி கொட்டாதீர்கள், முன்சக்கரம் புதைந்து நாற்காலி முன்னால் கவிழும். ஏற்றம் 20க்கு 1க்குள் இருந்தால் நானே தள்ளிக்கொண்டு போவேன், 12க்கு 1 என்றால் கை நடுங்கும், அதற்கு மேல் என்றால் ஆள் வேண்டும். எதிரே குழந்தை வண்டி வந்தால் ஒதுங்க, பாதை ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது, 1.8 இருந்தால் நிம்மதி. வாசலில் இருசக்கர வண்டி நுழையாமல் இருக்கக் கம்பிகளை வளைத்து வளைத்து நடுவார்கள், அது வண்டியை நிறுத்தாது, என்னைத்தான் நிறுத்தும். பெஞ்சுக்குப் பக்கத்தில் தரை ஒரு மீட்டர் காலியாக விடுங்கள். நானும் நண்பர்களோடு ஒரே வரிசையில் உட்கார வேண்டும், அவர்கள் எதிரே பாதையை மறித்துக்கொண்டு இல்லை.

பராமரிப்பு

நான் ஆறு வருடம் ஒரு குடியிருப்புப் பூங்காவின் கணக்கைப் பார்த்தேன். திறப்பு விழா அன்றைக்கு எல்லாம் பளபளவென்று இருந்தது. இரண்டாம் வருடம் ஊஞ்சலின் சங்கிலி மாட்டும் கொக்கி தேய்ந்து பாதியானது, கையில் எடுத்துப் பார்த்தால் நிலாப்பிறை மாதிரி மெலிந்திருந்தது. விற்ற நிறுவனம் அந்த உதிரியைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டதாம். ஊஞ்சல் பதினான்கு மாதம் ஒரு சங்கிலியில் தொங்கியது. பிள்ளைகள் அதையும் பிடித்துச் சுற்றினார்கள், ஒரு பையனுக்கு நெற்றியில் நாலு தையல்.

அதிலிருந்து நான் கற்றதைச் சொல்கிறேன். எதை வாங்கினாலும் சாதாரண இரும்புக்கடையில் கிடைக்கிற போல்ட், சங்கிலி, கொக்கியா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை கண்ணால் ஒரு சுற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் ஆட்டித் திருகி ஒரு சோதனை, வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரை வைத்து முழுச் சோதனை, இதை யார் செய்வது என்று பெயரோடு எழுதுங்கள். மரம் நட்டால் முதல் இரண்டு மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியாக வேண்டும், ஹோஸ் எட்டும் தூரத்துக்கு ஒரு குழாய் என்று இப்போதே தரைக்கடியில் போடச் சொல்லுங்கள். பாதை போட்ட பிறகு வெட்டினால் அந்தத் தழும்பு போகவே போகாது. புல்தரையைக் குறையுங்கள், பூங்காவில் அதிகம் தண்ணீரும் கூலியும் தின்பது அதுதான். விளையாடுகிற இடத்துக்கு மட்டும் புல், மற்றதெல்லாம் மரத்தடியும் செடியும்.

மேட்டுத்தெரு

குழி வெட்டிப் பார்த்தோம். சனிக்கிழமை காலை ஆறு பேர், பிள்ளைகள் ஒரு பத்துப் பேர்.

மேட்டில் ஒரு மணி நேரத்தில் 4 செ.மீ. இறங்கியது, நல்ல மண், கொஞ்சம் மண்புழுகூட இருந்தது. நடுவில் 2. பள்ளத்தில் கடப்பாரை ஒரு சாண் ஆழத்தில் டங் என்று நின்றது. தோண்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு பாளம். கான்கிரீட் கலவை வண்டிகளைக் கழுவி அங்கேதான் ஊற்றியிருக்கிறார்கள், ஏறத்தாழ ஒரு அறை அளவுக்குப் பரவியிருக்கிறது. அந்தக் குழியில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையும் அப்படியே நின்றது, மேலே வெள்ளையாக ஆடை. வரைபடத்தின்படி அந்த இடத்தில் பூமரங்கள் வரிசையாக வர வேண்டும்.

வரைகோல்

அந்தப் பாளத்தை உடைத்து முழுக்க அள்ளி வெளியே கொண்டுபோக வேண்டும், மேலே மண் போட்டு மூடினால் போதாது. சிமெண்ட் கழுவிய தண்ணீர் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும், வேர் சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகும். ஊற்றியவர்களே அள்ள வேண்டும், படம் எடுத்துத் தேதியோடு கொடுங்கள். அப்புறம் நடுப்பகுதியை 45 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குக் கிளறிவிட வேண்டும், மண் காய்ந்திருக்கும்போதுதான், ஈரத்தில் கிளறினால் இன்னும் இறுகும். மக்கிய உரம் கலந்து, தனியாக வைத்த மேல்மண்ணைப் பரப்புங்கள். அதன்பிறகு எந்த வண்டியும் அதன்மேல் ஏறக் கூடாது.

இன்னொன்று கேட்க மறந்தேன். மூன்றாம் கட்டத்தின் கடைசி வீட்டிலிருந்து பூங்கா வாசல் எவ்வளவு தூரம்?

மேட்டுத்தெரு

நடந்து பார்த்தேன், 850 மீட்டர் வருகிறது.

வரைகோல்

அப்படியென்றால் அந்தக் கடைசி 150 வீட்டுக்கு இது பூங்காவே இல்லை. வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், அரை ஹெக்டேராவது பசுமை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் சொல்லும் அளவு. 2021இல் கோனைனென்டைக் என்ற ஆய்வாளர் முன்வைத்த 3-30-300 கணக்கிலும் அதே 300 மீட்டர்தான்: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரம் தெரிய வேண்டும், பகுதியில் 30 விழுக்காடு மரநிழல் வேண்டும், 300 மீட்டரில் பூங்கா வேண்டும். ஒன்றரை ஏக்கரை இங்கே அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் கட்டத்தில் இரண்டு மனையைக் கூடுதலாகக் கேளுங்கள். இரண்டு மனையில் என்ன வரும் என்பார்கள். நியூயார்க்கில் 1967இல் திறந்த பேலி பூங்கா 42 அடிக்கு 100 அடிதான், நிழல் மரமும் நகரும் நாற்காலியும் வைத்து இன்றும் நிறைந்திருக்கிறது. மனைகள் விற்றுவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதனால் மற்ற எல்லாத் திருத்தத்துக்கும் முன்னால் இதை வையுங்கள்.

மதில்வீடு

மைதானம் சாலைப் பக்கம், விளக்கு ஒன்பது மணிக்கு அணையும், இரண்டும் எழுத்தில் வந்தால் மதில் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இடுப்பளவு வேலி, சின்னப் பிள்ளைகள் சாலைக்கு ஓடாமல் இருக்க, அது போதும்.

மூன்று பிள்ளைகளின் அம்மா

மணல் மேடு நேற்று வந்துவிட்டது. இந்தப் பேச்சைக் காட்டித்தான் கேட்டேன். தற்காலிக வேலி, சமையலறையிலிருந்து தெரிகிறது. மூத்தவன் இரண்டு பலகையை வைத்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விடுகிறான், சின்னவள் வாயிலும் கொஞ்சம் மணல். முறைப் பட்டியலில் ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

மேட்டுத்தெரு

நாங்கள் கொடுக்கப்போகும் வரிசை இது. கூடுதல் இரண்டு மனை. பாளத்தை அகற்றி மண்ணைச் சரிசெய்வது. பள்ளத்தில் மழைத்தண்ணீர்த் தரை, நீரூற்று வேண்டாம். தண்ணீர்க் குழாய், கழிப்பறை இணைப்பு. மரம், இரண்டு மீட்டருக்கு மேல் உயரமில்லாத கன்றுகளாக, வகை கலந்து. பாதையில் முக்கியமான இரண்டை மட்டும் இப்போது போடுவது, மற்றவற்றை இரண்டாம் கட்டத்துக்காரர்கள் குடிவந்து ஒரு வருடம் நடந்து தடம் விழுந்த பிறகு அந்தத் தடத்திலேயே போடுவது. கருவிகள் கடைசியில், அதுவும் பாதி இடத்துக்குத்தான், மிச்சப் பாதி வரப்போகிற 400 வீட்டுக்காரர்கள் முடிவு செய்யக் காலியாக இருக்கட்டும். இந்தக் கடைசி வரிக்குக் குழுவில் மூன்று பேர் சம்மதம், இரண்டு பேர் இன்னும் யோசிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புப் பொடியும் கயிறும் எடுத்துக்கொண்டு போய்ப் பாதைகளைத் தரையில் அசல் அளவில் வரையப் போகிறோம். எங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் முதலில் சுற்றிப் பார்த்துச் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

காலைநடை

பெஞ்சு வைக்கிற இடத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு உங்கள் அப்பாவையோ அம்மாவையோ உட்காரச் சொல்லுங்கள் தம்பி. காலை ஏழு மணிக்கு ஒருமுறை, மாலை நாலு மணிக்கு ஒருமுறை. முகத்தில் வெயில் அடித்தால் அவர்களே நாற்காலியைத் தூக்கி எங்கே போடுகிறார்களோ, அங்கே ஒரு முளைக்குச்சி அடித்துவிடுங்கள்.